அபிலீன்: ஒரு புகையிரத நகரின் தோற்றமும் வளர்ச்சியும்

ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், புகையிரதப் பாதையை ஒட்டி எண்ணற்ற சிறு நகரங்கள் தோன்றின. அவற்றுட் பலவற்றின் பெயர்கள் இன்று அயலூராருக்கு மட்டுமே தெரிந்தவை. கன்சாஸ் மாநிலத்திலுள்ள அபிலீனின் பெயரோ திரைப்படங்களாலும் மலிவுப் பதிப்புக் கதைகளாலும் உலகெங்கும் பரவியது. எனினும், அப்புகழ் அந்நகரின் வாழ்வில் ஐந்தே ஆண்டுகளைப் பற்றியது. அவ்வைந்தாண்டுகளை அதன் முழு வரலாற்றினுள் வைத்து நோக்கும்போது, புகையிரதம் ஒரு நகரை எவ்வாறு ஆக்கியது என்பதோடு, அந்நகரத்தார் எவ்வெல்லை வரை தம் வழியைத் தாமே தெரிந்துகொள்ள முடிந்தது என்பதும் புலனாகும். இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது இதனையே.

நகரின் கதையைத் தண்டவாளத்திலிருந்து தொடங்குதல் பொருந்தாது. அந்நிலம் கன்சா எனப்படும் பூர்வகுடியினருக்கு உரியதாயிருந்தது. மாநிலத்தின் பெயரும் அவர்களிடமிருந்தே வந்தது. 1825ஆம், 1846ஆம் ஆண்டுகளில் அரசு அவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளால் அவர்களின் நிலப்பரப்பு படிப்படியாகச் சுருங்கியது. ஈற்றில், 1873இல், அவர்கள் கன்சாசை விட்டே தெற்கே இன்றைய ஒக்லகோமாவுக்கு அகற்றப்பட்டனர். 'வெற்று நிலத்திற் பிறந்த நகர்' என்னும் கூற்றை வரலாற்று மாணவர் ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும்.

1857இல் திமோதி ஹேர்சி என்பவர் அவ்விடத்திற் குடியேறினார். அவரது வீடு குதிரை வண்டிகள் தங்கிச் செல்லும் நிலையமாயிற்று. சில ஆண்டுகளின் பின் விவிலியத்தில் லூக்கா நற்செய்தியில் வரும் 'அபிலேனே' என்னும் பெயர் ஊருக்குச் சூட்டப்பட்டது. 1861இல் அது டிக்கின்சன் மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. ஆயினும், பெயரும் பதவியும் ஊரை வளர்க்கவில்லை. 1867 வரை அது சில மரக்குடில்களைக் கொண்ட ஒரு தங்குமிடமாகவே இருந்தது.

மாற்றத்திற்கான அடிப்படை 1862ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டில் அமைந்திருந்தது. பசிபிக் புகையிரதச் சட்டமும் 1864இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், பாதையின் இருமருங்கிலும் ஒன்றுவிட்டொன்றாக அமைந்த நிலத்துண்டுகளைப் பாதை அமைக்கும் கம்பனிகளுக்கு நன்கொடையாக அளித்தன. குடியேற்ற நிலச் சட்டமோ, ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடும் குடும்பத்திற்கு 160 ஏக்கரை ஏறத்தாழ இலவசமாகவே வழங்கியது. இவற்றின் விளைவாகப் புகையிரதக் கம்பனி பொருள்களை ஏற்றிச் செல்லும் நிறுவனமாக மாத்திரமன்றி, நிலம் விற்கும் நிறுவனமாகவும் உருவெடுத்தது. பொருள் ஏற்ற அதற்குச் சரக்கு வேண்டும். நிலம் விற்க உழவர் வேண்டும். இவ்விரு தேவைகளும் பின்னர் அபிலீனில் ஒன்றோடொன்று மோதியதை மேலே காண்போம்.

1869இல் கன்சாஸ் பசிபிக் எனப் பெயர் மாற்றப்பெற்ற கம்பனியின் பாதை 1867இல் அபிலீனை அடைந்தது. அக்காலத்தே உள்நாட்டுப் போர் முடிந்து ஈராண்டுகளே ஆகியிருந்தன. ரெக்சாசில் நீண்ட கொம்புடைய மாடுகள் இலட்சக்கணக்கிற் பெருகியிருந்தன. அங்கு அவற்றை வாங்குவார் அரிது. வடபுல நகரங்களில் அதே மாட்டின் விலை பன்மடங்கு உயர்ந்திருந்தது. இவ்விரு சந்தைகளையும் இணைக்கும் இடமொன்றை இலினோய்சைச் சேர்ந்த யோசேப்பு மக்கோய் என்னும் கால்நடை வணிகர் தேடினார். வேறு ஊர்களில் முயன்று பயன் காணாத நிலையில், புல்லும் நீரும் மலிந்த அபிலீனைத் தெரிந்து, 250 ஏக்கர் நிலம் வாங்கினார். பட்டிகளையும், நிறுவைக் களத்தையும், மந்தையோட்டிகளுக்கென ஒரு விடுதியையும் சில மாதங்களிற் கட்டி முடித்தார். 1867 செப்டெம்பர் 5ஆம் திகதி 20 பெட்டிகளில் ஏற்றப்பட்ட மாடுகள் சிக்காகோவை நோக்கிப் புறப்பட்டன. அவ்வாண்டில் ஏறத்தாழ 35,000 மாடுகள் அபிலீனுக்கு வந்தன. அடுத்த ஆண்டில் அத்தொகை இருமடங்கிற்கு மேலாகியது.

மந்தைகள் வந்த வழி, ஜெசி சிசம் என்னும் வணிகரின் பெயரால் வழங்கியது. பல வாரங்கள் நீடித்த அப்பயணத்தை மேற்கொண்டோருள் கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் கணிசமானோர். திரைப்படங்கள் நெடுங்காலம் மறைத்த உண்மை இது. பயண முடிவிற் சம்பளம் பெற்ற இளைஞருக்காகவே மதுச்சாலைகளும் சூதாட்ட விடுதிகளும் எழுந்தன. 1870இல் நகரக் காவலராயிருந்த தோமஸ் சிமித் அவ்வாண்டு நவம்பரிற் கொல்லப்பட்டார். 1871இல் நகர முதல்வராயிருந்த மக்கோய், 'வைல்ட் பில்' எனப்பட்ட ஹிக்கொக்கை அப்பதவியில் அமர்த்தினார். அவ்வாண்டு ஒக்டோபரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் ஹிக்கொக் தம் எதிரியோடு தம் உதவியாளரையும் தவறுதலாகச் சுட்டுக் கொன்றார். டிசம்பரில் நகரசபை அவரை விலக்கியது. இந்நிகழ்ச்சிகள் மெய்யே. ஆயினும், ரொபேட் டைக்ஸ்ட்ரா 1968இல் வெளியிட்ட ஆய்வு, கன்சாசின் ஐந்து மாட்டுச் சந்தை நகரங்களிலும் 1870 முதல் 1885 வரை நிகழ்ந்த கொலைகள் 45 மட்டுமே எனக் காட்டியது. கட்டுக்கதை பெருக்கிய அளவுக்கு இரத்தம் சிந்தப்படவில்லை என்பது தெளிவு.

அபிலீனின் மெய்யான போராட்டம் துப்பாக்கியால் நடைபெறவில்லை. நிலத்தைப் பற்றியே நடைபெற்றது. ரெக்சாஸ் மாடுகள் தாம் நோயுறாமலே ஒருவகைக் காய்ச்சலைக் கொண்டுவந்தன. அது உள்ளூர் மாடுகளைக் கொன்றது. உண்ணிகளே அந்நோயைப் பரப்பின என்பது 1893இல் தியோபல்ட் சிமித் குழுவினர் வெளியிட்ட ஆய்வால் நிறுவப்பட்டது. உழவர் காரணத்தை அறியாவிடினும் விளைவை அறிந்திருந்தனர். மந்தைகள் வேலியற்ற வயல்களையும் மிதித்தழித்தன. இதனிடையே புகையிரதத்தில் வந்திறங்கிய குடியேறிகளின் தொகை ஆண்டுதோறும் ஏறியது. நிலவிற்பனையாளரும் நகரின் முதலாவது முதல்வருமாகிய ரி. சி. ஹென்றி அவர்களின் கருத்துக்குக் குரல் கொடுத்தார். 1872 தொடக்கத்தில், மந்தைகளை இனி வேறிடம் கொண்டுசெல்லுமாறு ரெக்சாஸ் வணிகரைக் கேட்கும் அறிக்கையொன்று டிக்கின்சன் மாவட்டத்தாரின் பெயரால் வெளியிடப்பட்டது.

இவ்வறிக்கையே அபிலீன் வரலாற்றின் திருப்புமுனை என்பது எம் கருத்து. தன்னை வளர்த்த வணிகத்தை ஒரு நகரம் தானே வெளியேற்றியது. அதற்கான விலையும் சிறிதன்று. சந்தை மேற்கே எல்ஸ்வேர்த்துக்கும், பின் விச்சிற்றாவுக்கும் பெயர்ந்தது. மக்கோயின் விடுதியின் ஒரு பகுதியும் கழற்றப்பட்டு எல்ஸ்வேர்த்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கடைகள் வெறிச்சோடின. 1874இல் வெட்டுக்கிளிகள் கன்சாஸ் வயல்களை மொட்டையாக்கின. ஆனால், இவ்விடத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. எல்ஸ்வேர்த்தும் அதே பாதையில் அமைந்த நகரமாதலால் அப்பெயர்ச்சியாற் கம்பனிக்கு நட்டமில்லை. உழவர் பெருகியதால் அதன் நிலத்திற்கு விலையும் ஏறியது. எனவே, நகரத்தாரின் துணிவை மெச்சும் நாம், அத்துணிவு புகையிரதத்தின் நலனோடு முரண்படாதிருந்தமையையும் கருதுதல் வேண்டும். அதன் நலனுக்கு நேர்மாறாக நின்றிருப்பின் அவ்வறிக்கை வென்றிருக்குமா என்பது ஐயமே.

ஹென்றி முன்னரே பரிசோதித்த மாரிக்காலக் கோதுமை, அடுத்த கட்டத்தின் அடித்தளமாயிற்று. 1874இல் உருசியாவிலிருந்து கன்சாசுக்குக் குடியேறிய மெனோனைற் சமயத்தவர் கொணர்ந்த 'துருக்கிச் சிவப்பு' என்னும் கோதுமையினம் காலப்போக்கில் மாநிலமெங்கும் பரவியது. மாட்டுப் பட்டிகளாற் பெயர்பெற்ற பாதையோரம் தானியத்திற்கு உரியதாயிற்று. பென்சில்வேனியாவிலிருந்து வந்த 'ஆற்றுச் சகோதரர்' என்னும் சமயக் குழுவினர் வெண்ணெய்த் தொழிற்சாலையொன்றை நிறுவினர். 1899இல் கிளேசன் பிரவுண் என்பவர் இங்கு தொடங்கிய சிறு தொலைபேசிக் கம்பனியே பிற்காலத்தில் 'ஸ்பிரின்ற்' எனும் பெருநிறுவனமாக வளர்ந்தது.

அவ்வெண்ணெய்த் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஒருவரின் மகனே டுவைட் ஐசனோவர். 1892 முதல் அபிலீனில் வளர்ந்த அவர், 1911இல் இராணுவக் கல்லூரிக்குச் சென்றார். 1953 முதல் 1961 வரை சனாதிபதியாக விளங்கினார். 1956இல் அவர் கையொப்பமிட்ட பெருந்தெருச் சட்டம் மோட்டார் வண்டியின் ஆட்சியை நாடெங்கும் உறுதிப்படுத்தியது. புகையிரத நகரின் பிள்ளையே புகையிரதப் பயணத்தின் தேய்வை விரைவுபடுத்தினார் எனல் மிகையாகாது. 1969இல் அவரது பூதவுடல் வாசிங்டனிலிருந்து புகையிரதத்திலேயே அபிலீனுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஈராண்டுகளின் பின், 1971இல், பயணிகள் சேவை 'அம்ட்ராக்' என்னும் தேசிய நிறுவனத்தின் கைக்கு மாறியபோது, அதன் வழித்தடங்களில் அபிலீன் இடம்பெறவில்லை. பாதையில் இன்று ஓடுவன சரக்கு வண்டிகளே.

2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அபிலீனின் மக்கள்தொகை 6,460. பெருநகராகும் கனவு அதற்குக் கைகூடவில்லை. ஆயினும், அது மறைந்தும் போகவில்லை. ஒரே சரக்கை நம்பி நின்ற ஐந்தாண்டுகளை அது தானே முடித்துவைத்தமையே இதற்குத் தலையாய காரணம் எனலாம். புகையிரதம் நகருக்கு இடத்தைக் கொடுத்தது. எதனை ஏற்றுவது, எதனை மறுப்பது என்பதை மக்கள் ஒருமுறையேனும் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தில் இடம்பெறாதோர் அந்நிலத்தின் முதற்குடிகள் என்பதையும் சேர்த்து எழுதும்போதே அபிலீனின் வரலாறு நிறைவுறும்.