தவளைக்கண் காரும் நம்ம ஊர் கராஜும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறுற ரோட்டில ஒரு பழைய மொரிஸ் மைனர் வந்தால் நாம எல்லாருமே திரும்பிப் பார்ப்போம். "இது இன்னும் ஓடுதா?" என்று கேட்போம். இவ்வளவு காலம் அதை ஓட வைத்தது யார் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மொரிஸ் மைனர் வைக்கப்பட்டது. அடுத்த மாதமே இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அந்தக் கார் கப்பலேறி வந்து இங்கே பதிவு நம்பர் வாங்கியது. இங்கேயே பிறந்த நம்ம தாத்தா பாட்டிமாருக்குப் பதிவு இல்லாமல் போனது.

1958இல் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். பொனட்டுக்கு மேல் துருத்தி நிற்கும் விளக்குகளால் தவளைக்கண் என்று பெயர் எடுத்தது. ஆனால் உள்ளே பார்த்தால் எல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்தான். 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின், மைனர் 1000இல் இருந்த அதே குடும்பம். ஸ்டீயரிங் ரேக்கும் மைனருடையதே. மைனரைக் கழற்றிப் பூட்டிய கைக்கு ஸ்பிரைட் அந்நியமில்லை.

இப்படி ஒரு காரை மீட்பது தனி ஆளால் ஆகாத வேலை. முன்பக்கம் முழுதும் ஒரே மூடி. அதைக் கழற்றித் தூக்கவே நாலு கூட்டாளிமார் வேணும். இதுக்குத் தனி சேசி கிடையாது, பொடிதான் பாரம் தாங்குது. கதவுக்குக் கீழே கறள் பிடித்த தகட்டை முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் கார் நடுவில் வளைந்துவிடும். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் அளக்க, ஒருத்தர் வெல்டிங் வைக்கணும். இரட்டைக் கார்புரேட்டரைச் சமன் செய்ய, காதால் எஞ்சினைக் கேட்கத் தெரிந்த பழைய ஆள் ஒருத்தர் பக்கத்தில் நிற்கணும்.

அந்தப் பழைய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. புதுச் சாமான் இல்லை. அதனால் லேத்தில் கடைந்தார்கள், தகடு தட்டினார்கள், ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் பூட்டினார்கள். இந்தக் கைப்பழக்கம் எவ்வளவு தேறியது என்றால், பிற்காலத்தில் இலங்கையில் செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. 2020இல் மறுபடி வாகன இறக்குமதி நின்றபோதும் நாடு பழைய வண்டிகளையே நம்பியது.

நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அதில் ஓடிய கார்களின் பெயரும் ஓட்டியவர்களின் பெயரும் கிடைக்கும். தோட்டத்துப் பாதைகளை வெட்டியவர்கள், துரைமாரின் கார்களைக் கழுவியவர்கள், பழுது பார்த்தவர்கள், மழையில் சேற்றிலிருந்து தள்ளிவிட்டவர்கள் பெயர் எதுவும் கிடைக்காது.

நம்ம ஊர்ப் பக்கத்து கராஜ்களில் அந்தத் தலைமுறையின் கடைசி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கார் ஒன்றைக் கண்டால் செல்ஃபி எடுங்க, தப்பில்ல. அப்படியே அதைத் திருத்துற ஐயாவிடம் போய்க் கொஞ்சம் உட்காருங்க. யாரிடம் வேலை பழகினார், முதல்ல எந்த எஞ்சினைப் பிரித்தார் என்று கேளுங்க. போனில் பதிவு பண்ணுங்க. காருக்குச் சாமான் தேடினால் எங்கேயாவது கிடைக்கும். அவர் போய்விட்டால் அந்தக் கதையை யாரிடம் கேட்பது?