பபூன் பேச்சும் அரசியலும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களை ஒட்டி இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தில், வள்ளியும் வேலனும் மேடையேறுவதற்கு வெகுநேரம் முன்னதாகவே தனியொருவராய்ப் பிரவேசித்து, சபையைச் சிரிக்கவைத்து, தூக்கத்தை விரட்டும் பபூனை நம் நாடக சரித்திரக்காரர்கள் பெரும்பாலும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. நாயக வேஷக்காரரான ராஜபார்ட்டின் பாட்டுக்கும் தர்க்கத்துக்கும் ஏடு உண்டு. பபூன் பேச்சுக்கு ஏடு கிடையாது. ஏடில்லாத இடத்தில்தான் நடப்புக்காலம் நுழைகிறது.

இந்த நாடக முறையின் அமைப்பே அதற்கு இடங்கொடுத்தது. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தபின்னும், அவர் இயற்றிய நாடகங்களை நடிகர்கள் யாவரும் மனப்பாடமாய் அறிந்திருந்தமையால், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே பேசி அழைக்கப்பட்ட ராஜபார்ட்டும் ஸ்ரீபார்ட்டும் பபூனும், ஒத்திகை என்பதே இல்லாமல், அன்றிரவு மேடையில் சந்தித்து ஆடிவிடுவது சாத்தியமாயிற்று. ஒத்திகை இல்லாத ஆட்டத்தில் யார் எதைச் செருகுவார் என்பதை எந்த அதிகாரியும் முன்கூட்டி அறிய முடியாது. ஆட்சியை எதிர்க்கும் நாடகங்களைத் தடுக்க ஆங்கில அரசு 1876இலேயே சட்டம் செய்திருந்தது. எனினும் வள்ளி திருமணத்தைத் தடை செய்வது எங்ஙனம்? திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாத தாஸ், வேலன் வேஷத்திலேயே, வெள்ளையரை வெள்ளைக் கொக்காக்கிய பாட்டைப் பாடினார். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கதைக்கு அது எத்தனை பொருத்தம்! அத்தகைய பாட்டுகளுக்காகப் பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் கோலத்தில் மேடைமீதே உயிர் நீத்தார்.

சுதந்திரத்துக்குப் பின் பகை திசைமாறியது. பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த எம். ஆர். ராதா, கதையை நடுவில் நிறுத்திவிட்டு ஊர் நடப்பைக் கிண்டல் செய்யும் வித்தையை மேடைக்கே உரியதாக்கினார். அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய கொந்தளிப்புக்கிடையில் 1954இல் சென்னை ராஜ்யம் புதிய நாடகச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்க அச்சட்டம் தந்த அதிகாரம் பிரதியே இல்லாத பபூனை என்ன செய்யும்? ஒன்றும் செய்யவில்லை. அவர் வாயைக் கட்டியது வேறு. வெள்ளையனைப் பரிகசித்தபோது பந்தலடியில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதிரி ஒருவனே. கட்சிக்கொடிகள் தெருவுக்கொன்றாய் ஏறிய பிற்காலத்திலோ, எந்தத் தலைவரைத் தொட்டாலும் நாடகத்துக்கு வரி கொடுத்தவர்களில் பாதிப்பேர் கோபிப்பார்கள். இன்றைய பபூன் பேச்சில் புருஷன் பெண்டாட்டி சண்டையும், சில வேளை விரசமும் மிகுந்திருப்பதற்கு ரசனையின் வீழ்ச்சியைக் காரணம் சொல்லுவோர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள் என்பது என் துணிபு.

2005இல் விஜய் தொலைக்காட்சி 'கலக்கப் போவது யாரு?' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, பபூனின் தனிப்பேச்சு மைக்கோடும் மதுரைத் தமிழோடும் வரவேற்பறைக்குள் வந்தது. மதுரை முத்து போன்றோர் பெயர் பெற்றனர். ஆயினும் சன், ஜெயா, கலைஞர் என்று சானல்களே கட்சி நிழலில் வளர்ந்த தேசத்தில், நடிகர்களின் குரல் கேட்ட அளவுக்கு மந்திரிகளின் குரல் மிமிக்ரியில் கேட்கவில்லை. 2022 ஜனவரியில் ஜீ தமிழில் குழந்தைகள் இருவர் ராஜாவும் மந்திரியுமாய் வேஷமிட்டு, கறுப்புப் பணத்தை ஒழிக்க நாணயத்தைச் செல்லாததாக்கிய அரசன் கதையை நடித்தனர். பாரதிய ஜனதா கட்சியினர் புகார் செய்ய, மத்திய அமைச்சகம் அந்தச் சானலிடம் விளக்கம் கேட்டது. விசுவநாத தாஸ் கையாண்ட அதே உபாயம். கதைக்குள் நடப்பை ஒளித்தல்.

1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று தீர்த்துவிட்டது. ஆகவே புகாருக்கும் விளம்பரதாரருக்கும் அஞ்சவேண்டிய தொலைக்காட்சியைவிட, கிராமத்துப் பொட்டல் மேடையில் இன்று சுதந்திரம் அதிகம். திருவிழாக் கமிட்டியார் அதை அறிந்து, தங்கள் கட்சித் தலைவர் பெயர் அடிபட்டாலும் பபூனைப் பேசவிடுவார்களாக.