சிவசமுத்திரத் தீவும் தங்கவயலும்

குடகிலே பிறந்து பூம்புகாரிலே கடலொடு கலக்கும் காவிரியன்னை, வழியிலே மூன்று தீவுகளில் அரங்கனைத் தாலாட்டுகின்றாள். சீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், திருவரங்கம் அந்தியரங்கம். முதலும் முடிவும் உலகறிந்தவை. ஆயினும் தங்கவயல் வாழ் தமிழராகிய நாம் முதற்கண் அறிய வேண்டுவது நடுவிலுள்ள தீவையே ஆகும்.

மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சேர்ந்து, மைசூர் வண்டியில் மத்தூரில் இறங்கி, மளவள்ளி வழியே பஸ்ஸில் சென்றால் அத்தீவை அடையலாம். ஏறத்தாழ மூன்று மைல் நீளமுள்ள தீவு. அதனை ஆற அமர நடந்து பார்ப்பதே முறை. யாமும் எம் குடும்பத்தாரும் அங்ஙனமே நடந்து கண்டோம்.

முதலில் எம்மை நிறுத்தியது பழைய கற்பாலம். ஆற்றுப் பாறைமீது கருங்கல் தூண்களை நிரல்பட நிறுத்தி, அவற்றின்மேல் பாதை அமைத்துள்ளனர். முன்னாளில் உம்மத்தூர்த் தலைவன் கங்கராஜன் இத்தீவைக் கோட்டையாக்கி ஆண்டான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் அதனை வென்றார். காலப்போக்கில் ஊர் காடாயிற்று, பாலங்களும் பாழாயின. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றைத் தம் பொருள் கொண்டு புதுக்கியவர், மைசூர் ரெசிடெண்டிடம் பணியாற்றிய இராமசாமி முதலியார் என்பார். அரசினர் அவருக்கு ‘ஜனோபகார காமகர்த்தா’ என்னும் விருதும் ஜாகீரும் அளித்தனர். 2018-ஆம் ஆண்டு வெள்ளம் பழம்பாலம் ஒன்றின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது.

1956 வரை இத்தீவு சென்னை இராச்சியத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சோமேசுவரர் கோயிலையும் அரங்கநாதர் கோயிலையும் வணங்கிச் சென்றால், இருபுறமும் அருவியோசை கேட்கும். மேற்கே ககனசுக்கி, கிழக்கே பரசுக்கி. ஏறக்குறைய முந்நூறு அடி ஆழத்திற்குப் பாறை பாறையாகத் தாவி விழும் வெள்ளம், புகையெனத் திவலை எழுப்புகின்றது. மழைக்காலத்தில் அக்காட்சியைச் சொல்லால் அளத்தல் அரிது.

இந்நீர்வீழ்ச்சிதான் நம் ஊரின் வரலாற்றை மாற்றியது. முன்னர் நம் சுரங்கங்களில் நீராவி இயந்திரங்களே ஓடின; அவற்றுக்கு விறகும் நிலக்கரியும் மலைமலையாக வேண்டியிருந்தன. மைசூர்த் திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில், காப்டன் ஜாலி டி லோட்பினியர் என்னும் பொறியியலார் வகுத்த திட்டப்படி இங்கு மின்நிலையம் எழுந்தது. திவான் 1901-இல் மறைந்தார். பணி நிறைவுற்றதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், 92 மைல் கம்பி வழியே காவிரியின் ஆற்றல் தங்கவயலை வந்தடைந்தது. உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்றாக அஃது அந்நாளில் விளங்கிற்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான்! நம் ஊர் தலைநகருக்கு மூன்றாண்டு மூத்தது அன்றோ?

பாலம் புதுக்கியவர் பெயர் நிற்கின்றது. திட்டம் வகுத்தோர் பெயரும் நிற்கின்றது. ஆயின், அம்மின்சாரம் இயக்கிய கூண்டிலேறி இருட்குழியில் இறங்கிய நம் பாட்டன்மார் பெயர் எந்தக் கல்லில் உள்ளது? வடஆர்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் வந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் சிலவற்றைத் தோண்டியவர்கள் அவர்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்தம் பேரர் விடியலில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, உழைத்து இரவில் மீள்கின்றனர்.

ஆதலின் ஸ்கெலட்டன் வாழ் குடும்பத்தார்க்கு எமது வேண்டுகோள் ஒன்று. உங்கள் பாட்டனார் எவ்வூரினின்று வந்தார், எந்தச் சுரங்கத்தில் என்ன வேலை செய்தார், எவ்வாண்டு ஓய்வுற்றார் என்பவற்றை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். கேட்டுச் சொல்ல அப்பெரியவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். கல்லில் பொறிக்க இயலாவிடினும் ஏட்டில் பொறிப்போம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!