லோபு துவா: கர்ப்பூரக் கரையில் ஒரு தமிழ்க் கல்

இந்தோனேசியா என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் நினைவில் எழுவன ஜாவாவின் போரோபுதூர் ஸ்தூபமும் பாலித் தீவின் கோயில்களுமே. இன்று நேயர்களை நான் அழைத்துச் செல்ல விரும்புவது அவ்விரண்டுக்கும் வெகு தொலைவிலுள்ள ஓர் எளிய கிராமத்துக்கு. சுமத்ராத் தீவின் மேற்குக் கரையில், வட சுமத்ரா மாகாணத்தின் மத்திய தாப்பனூலி மாவட்டத்தில், பாரூஸ் என்னும் சிற்றூரை அடுத்து அது இருக்கின்றது. பெயர் லோபு துவா. பத்தாக் மொழியில் 'லோபு' என்றால் மக்கள் விட்டுப்போன குடியிருப்பு. 'துவா' என்றால் பழையது. பழைய பாழூர் என்று நாம் சொல்லலாம்.

முன்னே இந்துமாக்கடல்; பின்னே புக்கிட் பாரிஸான் மலைத்தொடர்; இடையில் ஒடுங்கிய சமவெளி. பெருங்கப்பல்கள் விரும்பி ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் என்று இதனைச் சொல்வதற்கில்லை. எனினும் அரேபியரும் பாரசீகரும் சீனரும் தமிழரும் இக்கரையை நாடினார்கள். காரணம் கர்ப்பூரம்.

நாம் கோயிலில் ஏற்றும் சூடம் இந்நாளில் பெரும்பாலும் தேவதாரு இனத்து மரங்களின் தைலத்தைக் கொண்டு ஆலையில் செய்யப்படுவது. பழைய காலத்தில் சீனத்திலும் ஜப்பானிலும் ஒருவகை மரத்தின் சிராய்களை ஆவியில் வடித்துக் கர்ப்பூரம் எடுத்தனர். பாரூஸ் கர்ப்பூரம் இவற்றினும் வேறானது. ஐம்பது, அறுபது மீட்டர் உயரம் வளரும் ஒரு காட்டு மரத்தின் வயிரத்துக்குள், வெடிப்புகளிலும் பொந்துகளிலும், அது தானாகவே படிகமாக உறைந்து கிடக்கும். எல்லா மரங்களிலும் இருப்பதில்லை. எந்த மரத்தில் இருக்கும் என்று வெளியே நின்று உறுதியாகச் சொல்லவும் இயலாது. பெருமரத்தை வீழ்த்திப் பிளந்தபின் வெறுங்கையோடு திரும்பியவர்களும் பலர். அருமையே அதன் விலையை உயர்த்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவில் தங்கிய மார்க்கோ போலோ, பன்சூர்க் கர்ப்பூரம் பொன்னுக்கு நிறை விற்கும் என்று எழுதினார். பன்சூர் என்பது இவ்வட்டாரத்துக்கே அராபியர் வழங்கிய பெயர். மலாய்க் கவிஞர் ஹம்ஸா பன்சூரியின் பெயரிலும் அது நிலைத்திருக்கின்றது. தமிழரும் இதனை அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கர்ப்பூர வகைகளை அடுக்கும்போது 'வாரோசு' என ஒன்றைக் குறிக்கிறார். பாரூஸ் என்பதன் தமிழ் வடிவமே அது.

காட்டில் இப்பொருளைத் தேடித் திரட்டியவர்கள் மலைவாழ் பத்தாக் மக்கள். கர்ப்பூரத்தோடு சாம்பிராணியும் அவர்கள் வழியாகவே கடற்கரைக்கு இறங்கியது. கர்ப்பூரக் காடு இன்று பெரிதும் அருகிவிட்டது. சாம்பிராணி மரங்களைக் கீறிப் பால் எடுக்கும் தொழிலோ அம்மலைப் பகுதிகளில் இன்றும் நடைபெறுகிறது.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். 1873-ஆம் ஆண்டில், டச்சு அரசாங்க அதிகாரி ஒருவர் லோபு துவாவில் எழுத்துப் பொறித்த கற்றூண் ஒன்றைக் கண்டார். தூண் சிதைந்திருந்தது. எழுத்து தமிழ். நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் அதனை ஆராய்ந்து, சுமத்ராவில் இயங்கிய தமிழ் வணிகக் குழுவொன்றின் சாசனம் என நிறுவினார். பின்னர் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு அதனை மீண்டும் படித்து, முன்பு விளங்காதிருந்த பகுதிகள் பலவற்றைத் தெளிவாக்கினார்.

சாசனத்தின் காலம் சக ஆண்டு 1010, மாசித் திங்கள், அதாவது கி.பி. 1088. வாரோசுப் பட்டினத்தில் கூடியிருந்த 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவினர் எடுத்த முடிவை அது கூறுகிறது. துறைக்கு வரும் மரக்கலத்தின் நாயகனும் உடன்வந்தோரும், கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு கணக்கிட்ட ஒரு தொகையைப் பொன்னாகச் செலுத்திய பின்பே, விரித்த பாவாடைமீது ஏறி உள்ளே வரலாம். அத்தொகை நகர சேனாபதி நாட்டுச் செட்டியார் முதலியோருக்கு உரியது. அவர்களை 'நம் மகனார்' என்றே குழுவினர் குறிக்கின்றனர். ஊழியரை மகன் என்று உறவு சொல்லி அழைக்கும் அம்மரபு கவனிக்கத்தக்கது. இறுதியில், அறத்தை மறவாதிருக்க வேண்டும் என்ற வழக்கமான வேண்டுகோள்.

இதில் இல்லாத ஒன்றையும் நாம் காண வேண்டும். அரசன் பெயர் இக்கல்லில் இல்லை. அப்போது சோழநாட்டில் முதற் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தான். எனினும் அவனுடைய மெய்க்கீர்த்தியும் இல்லை, ஆட்சியாண்டும் இல்லை. முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது கடற்படை செலுத்திய 1025-ஆம் ஆண்டுக்கும் இக்கல்லுக்கும் அறுபத்து மூன்று ஆண்டுகள் இடைவெளி. அவன் வென்றதாகச் சொல்லும் ஊர்களின் வரிசையில் வாரோசு காணப்படவுமில்லை. ஆகவே, தமிழர் சுமத்ராவை ஆண்டதற்கு இக்கல் சான்று என்று மேடைகளில் முழங்குவது பொருந்தாது. வாளோடு வந்தவர் நாட்டிய வெற்றித் தூண் அன்று இது. பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள், அயல்நாட்டில் தங்களுக்குள் கூடி, யார் எதைச் செலுத்துவது, யாருக்குச் செலுத்துவது என்று முறை வகுத்துக்கொண்ட ஓர் ஒப்பந்தம். என் வரையில், இதுவே அதன் பெருமை.

1995 முதல் பிரெஞ்சு, இந்தோனேசியத் தொல்லியலார் கூடி லோபு துவாவில் அகழாய்வு நடத்தினர். சீனப் பீங்கான், பாரசீக வளைகுடாப் பகுதியின் மட்கலங்கள், மேற்காசியக் கண்ணாடி, மணிகள், தென்னாசியப் பானையோடுகள் எனப் பலவும் வெளிப்பட்டன. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் இங்கே பல நாட்டார் வாழ்ந்தனர் என்பது துணியப்பட்டது. கல் நாட்டப்பட்டது அந்த வாழ்வின் கடைசிப் பகுதியில். சில பத்தாண்டுகளுக்குள் ஊர் வெறிச்சோடியது. 'கெர்காஸி' என்னும் அரக்கர் தாக்கியதால் மக்கள் ஓடினர் என்பது அவ்வூர்ப் பழங்கதை. அரக்கர் என்று கதை சொல்வது எந்தப் பகைவரையோ! வாணிகம் அருகிலுள்ள புக்கிட் ஹாசாங் என்னுமிடத்துக்குப் பெயர்ந்து, மேலும் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது.

அங்கிருந்த தமிழர் என்ன ஆனார்கள்? உள்நாட்டு மலைகளில் வாழும் காரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, மெலியாலா என்னும் கிளைப் பெயர்கள் வழங்குகின்றன. சோழ, பாண்டிய, மலையாளப் பெயர்களின் எதிரொலி இவை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இறந்தோரின் எச்சங்களைச் சிறு படகுகளில் வைத்து ஆற்றில் விடும் சடங்கும் இக்குலத்தாரிடம் முன்பு இருந்தது. ஆனால் லோபு துவாவின் வணிகர்களே இவர்களுடைய முன்னோர் என்று நேர்க்கோடு போட்டுவிட ஆதாரம் போதாது. வந்தவர்களில் சிலர் திரும்பியிருக்கலாம். சிலர் அம்மண்ணின் பெண்களை மணந்து அம்மக்களாகவே ஆகியிருக்கலாம்.

இன்று பாரூஸுக்கு வருவோர் பெரும்பாலும் நாடுவது அதன் பழைய முஸ்லிம் கல்லறைகளை. பாப்பான் திங்கி என்னும் குன்றின் உச்சியில் உள்ள நீண்ட கல்லறைக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறிச் செல்ல வேண்டும். 2017-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோ, அத்தீவுகளில் இஸ்லாமிய நாகரிகம் தொடங்கிய இடம் இது எனக் குறிக்கும் நினைவுச் சின்னம் ஒன்றைப் பாரூஸில் திறந்து வைத்தார். தமிழ்க் கல் அங்கு இல்லை. அது ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்துவிட்டது. அந்நகரத்துக் கடைகளில், துணிகளைப் பூச்சி அரிக்காதிருக்கப் பெட்டியில் இடும் வெள்ளை உருண்டைகள் கிடைக்கும். எந்தக் காட்டு மரமும் அறியாத இரசாயனச் சரக்கு. இந்தோனேசியர் அதனைக் கேட்டு வாங்கும் பெயர் 'காப்பூர் பாரூஸ்'.