அ, இ என்னும் ஈரெழுத்துத் தொடரின் வரலாறு

எண்ணும் வடிவமுமே கணிதத்தின் பொருள் எனப் பலர் கருதுவர். பொருளற்ற எழுத்துக்களின் வரிசையும் அதன் ஆராய்ச்சிக்கு உரியதே எனக் காட்டியவர் நோர்வே நாட்டறிஞர் அக்சல் தூ (1863–1922) ஆவர்.

‘அ’ வருமிடத்து ‘அஇ’ எனவும், ‘இ’ வருமிடத்து ‘இஅ’ எனவும் மாற்றுக என்பது விதி. அகரத்திற் றொடங்கி இவ்விதியை மீண்டும் மீண்டும் செலுத்தின், அஇ, அஇஇஅ, அஇஇஅஇஅஅஇ என்றவாறு தொடர் முடிவின்றி வளரும். இதன்கண் எத்துண்டமும் அடுத்தடுத்து மும்முறை வாராது. இருமுறை வருதலையோ ஈரெழுத்தால் தவிர்த்தல் இயலாது. நான்கெழுத்து நீளத்துள்ளேயே அது நேர்ந்துவிடும். மூன்றெழுத்து உளவாயின் அதனையும் என்றென்றும் தவிர்க்கலாம் என்பதைத் தூ 1906இல் நிறுவினார். மேற்கூறிய ஈரெழுத்துத் தொடரை 1912இல் விரிவாக ஆராய்ந்தார். பயன்முறைக் கணிதப் பேராசிரியராயிருந்தும், பயன் கருதாது அரிய வினாக்களை ஆராய்தல் அறிவு வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பதே அவர் கொள்கை.

இத்தொடரின் வித்து அவருக்கு முன்னரே பிரான்சில் தோன்றியிருந்தது. 1851இல் புறூஏ என்பார் எண்களைக் குழுக்களாகப் பகுக்கும் முறையொன்றைக் கூறினார். 0 முதல் 7 வரையுள்ள எண்களைத் தொடரின் எட்டெழுத்துக்களுக்கு நிரலே இடுக. அகரம் பெறுவன 0, 3, 5, 6. இகரம் பெறுவன 1, 2, 4, 7. இருபாலும் கூட்டுத்தொகை 14. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 70.

தூவின் கட்டுரைகள் கிறித்தியானியா நகரில், இன்றைய ஒஸ்லோவில், அறிவியற் கழக வெளியீடாக வந்தன. அவற்றைக் கற்றோர் மிகச் சிலர். ஆதலின், அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1921இல், அமெரிக்கரான மாஸ்ரன் மோர்ஸ் வளைபரப்புக்களின் மீதமைந்த பாதைகளை ஆராயுங்கால் இதே தொடரைத் தாமே கண்டார். 1929இல் ஒல்லாந்தரான மக்ஸ் ஒய்வே சதுரங்கத்தில் இதனைக் கண்டார். ஒரே காய்நகர்த்தற் கோவை அடுத்தடுத்து மும்முறை வரின் ஆட்டம் சமனாகும் என அக்கால விதியொன்று கூறிற்று. அவ்விதி ஆட்டத்தை முடிவுறுத்தப் போதாது என்பதை அவர் இத்தொடர்கொண்டு மெய்ப்பித்தார். அவரே 1935இல் உலகச் சதுரங்க வீரரானார்.

இன்று இத்தொடர் தூ–மோர்ஸ் தொடர் என வழங்குகின்றது. தூவின் தேர்ந்த கட்டுரைகள் 1977இல் ஒஸ்லோவில் நூலாக வெளிவந்தன. பயன் நோக்காது தேடிய உண்மை பின்னர் வெவ்வேறு துறைகளிற் பயன்பட்டது. ஆயினும் அச்சேறிய அறிவும் கற்பாரின்றேல் மறைந்தே கிடக்கும். பின்வந்தோர் அதனை முதலிலிருந்தே தேட நேரும். எழுதுதல் ஆராய்ச்சியின் ஒருபாதி. முன்னோர் எழுதியதைத் தேடிக் கற்றல் மறுபாதியாகும்.