உங்க பையைத் தூக்கிட்டு வர்றது யார்? எவரெஸ்ட் பேஸ் கேம்ப் ட்ரெக் புக் பண்ணும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"12 பேர் மட்டுமே கொண்ட சிறிய குழு. இயற்கைக்கும் உள்ளூர் மக்களுக்கும் பாதிப்பில்லாத பொறுப்பான பயணம்." இமயமலை ட்ரெக்கிங் விளம்பரங்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் வரி இது. நல்லாதான் இருக்கு. ஆனால், அந்த 12 பேர் கணக்கில் ஒரு கூட்டம் சேராமலே போயிடும். பையைச் சுமந்து வரும் போர்ட்டர்கள், கைடு, உதவி கைடுகள் எல்லோரையும் சேர்த்தால் அந்தக் குழு 20 பேரைத் தாண்டும்.

ஒரு மலைப்பயணம் பொறுப்பானதா இல்லையா என்று முடிவு செய்வது, விளம்பரத்தில் வராத அந்த எட்டு, பத்து பேரை எப்படி நடத்துகிறார்கள் என்பதும், எத்தனை நாளில் மேலே கூட்டிட்டுப் போகிறார்கள் என்பதும்தான். நேபாளத்தின் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

எவ்வளவு உயரம்? எத்தனை நாள்?

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காத்மாண்டு அல்லது ராமேச்சாப்பில் இருந்து சிறிய விமானத்தில் லுக்லா போய் இறங்க வேண்டும். லுக்லாவே சுமார் 2,850 மீட்டர். ஊட்டியைவிட 600 மீட்டர் மேலே. அங்கிருந்து நடை. ஃபாக்டிங், நாம்சே பஜார், தெங்போச்சே, திங்போச்சே, லோபுச்சே, கோரக் ஷெப் என்று போகும் பாதை. ஜீப் ரோடு கிடையாது. சாமான் எல்லாம் மனிதர்கள் முதுகிலும் யாக், கழுதை முதுகிலும்தான் போகும்.

பேஸ் கேம்ப் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அதற்கு நாள் கணக்கில் நேரம் கொடுக்க வேண்டும். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் விதி இதுதான்: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இரவு தங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. எங்கே தூங்குறீங்க என்பதுதான் கணக்கு.

இந்த விதியை எவரெஸ்ட் பாதையில் பொருத்திப் பாருங்க. நாம்சே 3,440 மீட்டர், தெங்போச்சே சுமார் 3,860, திங்போச்சே 4,410, லோபுச்சே 4,940. ஒவ்வொரு தாவலும் 500-ஐ ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோதான் இருக்கு. அதனால்தான் நல்ல திட்டங்களில் நாம்சேவில் இரண்டு இரவு, திங்போச்சேவில் இரண்டு இரவு கட்டாயம் இருக்கும். போக எட்டு நாள், திரும்ப மூன்று, நான்கு நாள், ஆக மொத்தம் 11, 12 நாள்.

"ஒன்பதே நாளில் பேஸ் கேம்ப்" என்று விற்கும் பேக்கேஜில் வெட்டப்படுவது இந்த இரண்டு இரவுகள்தான். திங்போச்சே ஓய்வு நாளை எடுத்துவிட்டால், நாம்சேவில் கிளம்பியவர் மூன்றாவது இரவே 1,500 மீட்டர் மேலே போய்ப் படுக்கிறார். லீவு கம்மியா இருக்குன்னு நினைக்கிறவங்களுக்கு இது லாபமாகத் தெரியும். உடம்புக்கு லீவு கணக்கு தெரியாது.

தலைவலிதானே, மாத்திரை போட்டுக்கலாமா?

உயரத்தால் வரும் பாதிப்பு தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். அங்கேயே நின்று ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கவனிக்காமல் மேலே ஏறினால் இரண்டு ஆபத்தான நிலைகள் வரலாம். ஒன்று, மூளை வீக்கம். பேச்சு குழறும், நடை தள்ளாடும். ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் முடியாது. இன்னொன்று, நுரையீரலில் நீர் கோர்ப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது. இரண்டுமே உயிரைப் பறிக்கக் கூடியவை. முதல் மருந்து, உடனே கீழே இறங்குவதுதான். ராத்திரி 2 மணியானாலும் சரி, காலையில் பார்த்துக்கலாம் என்று விடக்கூடாது.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழக உதவும். 'டயமாக்ஸ்' என்று சொன்னால் மெடிக்கல் ஷாப்பில் தெரியும். ஆனால் ஊரில் டாக்டரைப் பார்த்துக் கேட்காமல் எடுக்கக்கூடாது, குறிப்பாக சல்ஃபா மருந்து அலர்ஜி இருப்பவர்கள். மெதுவாக ஏறுவதற்கு இது மாற்றும் இல்லை.

பாதையில் 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபெரிச்சே கிராமத்தில், 1973-ல் தொடங்கப்பட்ட இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் சீசன் மாதங்களில் கிளினிக் நடத்துகிறது. உயர நோய் பற்றி அங்கே டாக்டர்கள் பேசுவதைக் கேட்க அரை நாள் ஒதுக்கினால் தப்பே இல்லை.

சின்ன குழு ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் புரியும். 20 பேருக்கு ஒரே ஒரு கைடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு முடியலை. கைடு அவரோடு இறங்கினால் 19 பேர் அனாதை. இறங்காவிட்டால் நோயாளி தனியாகப் போகணும். எட்டு, பத்து பேர் குழுவில் இரண்டு கைடு இருந்தால் இந்தச் சிக்கல் வராது. அதோடு, பெரிய கூட்டத்தில் தலைவலியை வெளியே சொல்லவே ஆட்கள் தயங்குவார்கள். "நம்மளால மத்தவங்க லேட்டாகக் கூடாது" என்ற அந்தக் கூச்சம் மலையில் ரொம்ப ஆபத்து.

போர்ட்டருக்கு மூச்சு வாங்காதா?

'ஷெர்பா' என்ற வார்த்தையைச் சுமை தூக்குபவர் என்ற அர்த்தத்தில் நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். அது ஒரு சமூகத்தின் பெயர். கும்பு பகுதியில் தலைமுறையாக வாழும் ஷெர்பாக்களில் பலர் இன்று லாட்ஜ் முதலாளிகள், சிகரம் ஏறும் வழிகாட்டிகள். ட்ரெக்கர்களின் பையைத் தூக்குபவர்களில் ஏராளமானோர் ராய், தமாங் போன்ற சமூகங்களைச் சேர்ந்த, கீழ் மலைக் கிராமங்களில் இருந்து சீசனுக்கு வேலை தேடி வருபவர்கள். பலர் சின்ன வயசுப் பையன்கள்.

அதாவது, சென்னையில் இருந்து போகும் ஐ.டி. ஊழியருக்கு 5,000 மீட்டர் எவ்வளவு புதுசோ, கிட்டத்தட்ட அவ்வளவு புதுசு அந்தப் பையனுக்கும். உயர நோய் அவருக்கும் வரும். ஆனால் அவரிடம் டவுன் ஜாக்கெட் இருக்காது, தலைவலின்னு சொன்னால் வேலை போயிடுமோ என்ற பயம் இருக்கும், முதுகில் சுமையும் இருக்கும். 'டோகோ' என்ற மூங்கில் கூடை, அதை நெற்றியில் தாங்கும் 'நாம்லோ' பட்டை. நிற்கும்போது கூடையை முட்டுக்கொடுக்க 'டோக்மா' என்ற டி வடிவக் குச்சி.

1997-ல் நேபாளத்தில் நடந்த ஒரு மரணம் இந்த விஷயத்தை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 20 வயதுப் போர்ட்டர் ஒருவருக்கு உயரத்தால் உடல்நிலை மிக மோசமானது. அவரை வேலைக்கு வைத்திருந்தவர்கள் கூலியைக் கணக்கு முடித்துக் கையில் கொடுத்து, தனியாகக் கீழே அனுப்பிவிட்டார்கள். சுமார் 30 மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். அதன் பிறகுதான் சர்வதேச போர்ட்டர் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு உருவானது.

அந்த அமைப்பு கேட்பது பெரிய சலுகை எதுவும் இல்லை. குளிருக்கும் உயரத்துக்கும் ஏற்ற உடை, தங்க இடம், சாப்பாடு, ட்ரெக்கருக்குக் கிடைக்கும் அதே மருத்துவம், உடம்பு முடியாதவரைத் தனியாக அனுப்பாமல் அவர் மொழி தெரிந்த ஒருவரோடு அனுப்புவது, அளவான சுமை. நேபாளத்துக்கு 30 கிலோ என்பது அது சொல்லும் வரம்பு. கிளிமஞ்சாரோவில் இது 20 கிலோ. இரண்டு ட்ரெக்கர்களுக்கு ஒரு போர்ட்டர் என்பது வழக்கம் என்பதால், ஆளுக்கு 12 கிலோவில் பையை முடித்தால் அவருடைய சொந்தப் பொருளுக்கும் இடம் மிஞ்சும். அந்த மூன்றாவது ஜீன்ஸ் காத்மாண்டு ஹோட்டலிலேயே இருக்கட்டும்.

பெருவில் இன்கா டிரெயில் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. இந்த 500-ல் கைடுகளும் போர்ட்டர்களும் அடக்கம். போர்ட்டர்களுக்கெனத் தனிச் சட்டமே 2001-ல் கொண்டு வந்த நாடு அது. நேபாள விளம்பரங்களின் '12 பேர்' கணக்கையும் அப்படி எண்ணிப் பார்க்கலாம்.

ரொம்ப சீப்பா கிடைக்குதே, எடுக்கலாமா?

விலை குறைவாக இருந்தால் யார் செலவில் குறைகிறது என்று கேட்கணும். பெரும்பாலும் போர்ட்டர் கூலியிலும் ஓய்வு நாட்களிலும்தான் கை வைப்பார்கள். இன்னொரு வழியும் இருந்தது. 2018-ல் நேபாள அரசு நடத்திய விசாரணையில், தேவையே இல்லாமல் ட்ரெக்கர்களை ஹெலிகாப்டரில் ஏற்றுவது, ஒரே ஹெலிகாப்டரில் பலரை ஏற்றிவிட்டு ஒவ்வொருவர் இன்சூரன்ஸிலும் தனித்தனியாக முழு பில் போடுவது போன்ற மோசடிகள் வெளிவந்தன. பேக்கேஜ் விலையை அடிமாட்டு ரேட்டுக்கு இறக்கிவிட்டு, மீட்பு கமிஷனில் பணம் பார்க்கும் வேலை. லேசான தலைவலிக்கே "ஹெலிகாப்டர் கூப்பிடவா?" என்று கைடு அவசரப்படுத்தினால், "முதலில் நடந்து இறங்கலாமா?" என்று கேளுங்க. நடக்கவே முடியாத நிலை என்றால் அது வேறு விஷயம், அப்போது யோசிக்கக் கூடாது.

புக் பண்ணும் முன் ஏஜென்சிக்கு போன் போட்டு நேரடியாகவே கேட்கலாம். போர்ட்டர்களுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா, ராத்திரி அவங்க எங்கே தூங்குவாங்க, எடையை யார் பார்ப்பாங்க, ஒருத்தருக்கு முடியலைன்னா யார் கூட இறங்குவாங்க? பதில் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார்" என்று மழுப்பினால் வேறு இடம் பாருங்க.

வானிலை மாறினால்?

2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலை நினைவிருக்கும். அதன் மிச்சம் இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதிக்குப் போய்க் கடும் பனிப்புயலானது. 5,416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாயிலும் சுற்றுப்பகுதியிலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ட்ரெக்கர்கள், கைடுகள், போர்ட்டர்கள் எல்லோரும் அதில் உண்டு. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் பாதையில் மோசமான வானிலையில் சிக்கி, கர்நாடகாவில் இருந்து போன 22 பேர் குழுவில் 9 பேர் உயிரிழந்தனர்.

திட்டத்தில் ஒன்றிரண்டு நாட்கள் சும்மா விட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். திரும்பும் ஃப்ளைட் நாளைக்கே என்றால், வானம் இருண்டாலும் நடக்கத்தான் தோன்றும். லுக்லா விமானங்கள் மேகம் வந்தாலே ரத்தாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.

குப்பை என்னவாகும்?

சாகர்மாதா தேசியப் பூங்கா 1976-ல் அமைக்கப்பட்டது, 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலா நன்றாக நடக்கும் ஆண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் வருகிறார்கள். மேலே போன பொருள் தானாகக் கீழே வராது. கண்ணாடி பாட்டில் பீருக்கு 1998-லேயே அங்கு தடை. 1991-ல் தொடங்கிய சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு, ட்ரெக்கர்களிடமே ஒரு கிலோ குப்பைப் பையைக் கொடுத்து நாம்சே பகுதியில் இருந்து லுக்லா வரை தூக்கி வரச் சொல்லும் திட்டத்தையும் நடத்துகிறது. விருப்பப்பட்டால் எடுக்கலாம். இதைவிட எளிது, வாட்டர் பாட்டில் வாங்காமல் சுத்திகரிப்பு மாத்திரை கொண்டு போவது. மேலே போகப் போக பாட்டில் தண்ணீர் விலையும் கூடிட்டே போகும், பர்சுக்கும் நல்லது.

நம்ம ஊர்ப்பக்கம் இதே பிரச்னை நீதிமன்றம் வரை போனது. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், 'புக்யால்' எனப்படும் உயர் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்து, ஒரு நாளைக்கு 200 பேர் என்ற உச்சவரம்பும் வைத்தது. புகழ்பெற்ற ரூப்குண்ட் பாதை இதனால் முடங்கியது. புல்வெளி பிழைக்கணும் என்பது சரிதான். ஆனால் ட்ரெக்கர்களை நம்பிக் கழுதை ஓட்டியும் சமைத்தும் பிழைத்த கிராமத்து ஆட்களுக்கு வருமானம் நின்றது. கூட்டத்தை முன்பே அளவாக வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்ற வாதத்தில் நியாயம் இருக்கு.

என்னென்ன ஆவணம் வேண்டும்?

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். தேசியப் பூங்கா அனுமதிக் கட்டணம் சார்க் நாட்டினருக்கு மற்ற வெளிநாட்டினரைவிடக் குறைவு. கும்பு ஊராட்சிக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டினர் கைடு இல்லாமல் தனியாக ட்ரெக் போகக் கூடாது என்று நேபாளம் அறிவித்தது. கும்பு ஊராட்சி அதை ஏற்காததால் அந்தப் பாதையில் நடைமுறை வேறு மாதிரி. கிளம்பும் முன் அப்போதைய நிலையைக் கேட்டுக்கோங்க.

டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லுபடியாகும் என்ற வரியைத் தேடிப் படிப்பது அவசியம். சாதாரண பாலிசிகள் பல, பேஸ் கேம்புக்கு ரொம்பக் கீழேயே நின்றுவிடும்.