ஆட வைத்த காளான் எது?



யப்பானின் பழைய தலைநகராகிய கியோட்டோவிலிருந்து வடமலைக்குச் சென்ற விறகுவெட்டிகள் சிலர் வழி தவறித் திகைத்து நின்றனர். அவ்வேளை மலையின் உட்புறத்திலிருந்து குரல்கள் நெருங்கி வந்தன. நோக்கினால், பௌத்த பிக்குணிகள் நால்வர் ஐவர் ஆடிப் பாடி வருகின்றனர்! பேயோ என அஞ்சியவர்கள் துணிந்து வினவினர். புத்தபெருமானுக்கு மலர் கொய்ய வந்த பிக்குணிகளும் வழி தப்பியவர்களே. பசி மிகுதியால் அங்கு கண்ட காளான்களைச் சுட்டு உண்டனராம். அவை மிகவும் சுவையாக இருந்தனவாம். உண்டது முதல் தம்மையறியாமலே ஆடுகின்றனராம். பசித்திருந்த விறகுவெட்டிகளும் எஞ்சியவற்றை வாங்கி உண்டு ஆடலாயினர். மயக்கம் தெளிந்தபின் எல்லோரும் எவ்வாறோ வீடு சேர்ந்தனர்.

12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 'கொன்ஜாக்கு மொனொகத்தாரி' என்னும் கதைத் தொகுதியிலே, 28ஆம் பகுதியில் இது வருகின்றது. அக்காளானுக்கு அன்று முதல் மைத்தாக்கே, அதாவது ஆடற்காளான், எனப் பெயர் வழங்கியதாம். ஆயினும் இக்காலத்தில் மைத்தாக்கே உண்பவர் எல்லோரும் ஆடுவதில்லை, இது விந்தையே என்று தொகுத்தவர் எழுதிவைத்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. எனினும் இந்த ஓர் ஐயத்துக்காகவே அவரை வரலாற்றாசிரியர் வரிசையில் வைக்க எனக்கு மனம் வருகின்றது.

இன்று மைத்தாக்கே எனப்படுவது ஓக் மரத்தடியில் அடுக்கடுக்காய் முளைக்கும் நல்ல உணவுக் காளான். 1980களிலிருந்து மரத்தூளில் பெருவாரியாகப் பயிரிடப்பட்டுச் சந்தைக்கு வருகின்றது. உண்டவர் எவரும் ஆடியதில்லை. கண்டெடுத்தவர் மகிழ்ச்சியால் ஆடுவர் என்று அப்பெயருக்குப் பிற்காலத்தார் வேறு காரணமும் கற்பித்தனர்.

அவ்வாறாயின் பிக்குணிகள் உண்டது எது? பட்ட மரங்களின் அடியில் கொத்தாக முளைக்கும் பொன்மஞ்சட் காளான் ஒன்று அங்கே உண்டு. தண்டிலே வளையமும், துரு நிறத்தில் வித்துத்தூளும் உடையது. அதன் பெயர் ஓவராய்த்தாக்கே, பெருஞ்சிரிப்புக் காளான். உண்டவர் காரணமின்றிச் சிரிப்பர், பிதற்றுவர். 1972இல் ஜேம்ஸ் சான்ஃபோர்ட் என்னும் ஆய்வாளர் யப்பானின் சிரிப்புக் காளான்களைப் பற்றி விரிவாக எழுதியபின், பலருடைய கண் இதன்மீதே விழுந்தது. ஆனால் இதிலே ஓர் இடர்ப்பாடு. இக்காளான் கடுங்கசப்பு, கதையோ மிகுந்த சுவை என்கின்றது. பசித்தவனுக்குக் கசப்பும் இனிக்கும் எனலாம். இது சாமர்த்தியமான விடையே தவிரச் சான்று ஆகாது. சுவையை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மாத்திரம் ஏற்றுக்கொள்ள எனக்கு உடன்பாடில்லை.

பெயரையும் தோற்றத்தையும் நம்புவது எத்துணை இடரானது என்பதை அதே 28ஆம் பகுதியின் இன்னொரு கதை காட்டுகின்றது. கிம்புசென் மலையின் விகாராதிபதிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவர் பதவிக்குக் காத்திருந்த அடுத்த பிக்குவுக்கோ எழுபது! பொறுமையிழந்த அவர், ஹிராத்தாக்கே என்னும் உணவுக் காளானென்று சொல்லி, வத்தாரி என்னும் நச்சுக் காளானைச் சமைத்துப் படைத்தார். முதியவர் முழுவதையும் உண்டுவிட்டு, வத்தாரியை இத்துணை நன்றாக எவரும் சமைத்துத் தந்ததில்லை என்று நகைத்தாராம். பல்லாண்டுகளாக அவர் அதை உண்டும் யாதொரு கேடும் அடையாதவர்.

அந்த வத்தாரியே, பட்ட பீச் மரங்களில் முளைத்து இருளில் மங்கலாய் ஒளிரும் ட்சுக்கியோத்தாக்கே என்று அறிஞர் கருதுவர். மற்றவர்களுக்கு அது கடும் வாந்தியைத் தரும். உணவுக் காளானென மயங்கி அதைப் பறித்து உண்டவர்கள் இன்றும் யப்பானிய மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றனர்.